கிழக்கு செயிண்ட் பாலில் ஒரு சின்னப் பள்ளி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு விழா பற்றிய கடிதம் அடுத்த வாரம் தனியாக வரும், இது வேறு விஷயம். கொஞ்சம் நீளம்தான். சனிக்கிழமை பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக் காபியோடு உட்காரும் நேரத்தில் படித்துவிடுங்கள்.

உங்களில் பலருக்கு என்னைத் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியராக மட்டும்தான் தெரியும். வார நாட்களில் நான் மின்னசோட்டாவின் தலைநகரான நம் செயிண்ட் பாலில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினோரு வருடமாகிறது. அங்கே பார்த்ததால்தான் நான், இன்னும் மூன்று ஆசிரியர்கள், லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பெற்றோர், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களிடையே வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளர், இத்தனை பேரும் சேர்ந்து நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய சார்ட்டர் பள்ளி தொடங்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஆதரவு எனக்கு வேண்டும்.

சார்ட்டர் என்றால் தனியார் பள்ளிதானே என்று போன மாதம் ஒரு அப்பா கேட்டார். இல்லை. அதுவும் பொதுப் பள்ளிதான். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, மதம் போதிக்க முடியாது, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் பணம் தரும். மாவட்டப் பள்ளி நிர்வாகத்துக்குக் கீழே வராமல் தனக்கென்று ஒரு போர்டு வைத்து நடக்கும், அந்த போர்டில் ஆசிரியர், பெற்றோர், ஊர்க்காரர் என்று மூன்று தரப்பும் இருக்க வேண்டும் என்பது மின்னசோட்டா சட்டம். அமெரிக்காவிலேயே இந்தச் சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான், 1991-இல். அடுத்த வருடமே நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளியான சிட்டி அகாடமி செயிண்ட் பாலில் திறந்தது, அதுவும் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்காக. நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதற்காக வந்த ஏற்பாடு இல்லை இது.

சரி, ஏன் இன்னொரு பள்ளி?

எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. பாட்டியை கிளினிக்குக்கு அழைத்துப் போனால் அங்கே மொழிபெயர்ப்பாளன் அவன்தான், டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பாட்டிக்கு ஹ்மாங்கில் சொல்வான், பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்பதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்வான். அவ்வளவு கெட்டிக்காரன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் சொல்லின் முதல் எழுத்தைப் பார்ப்பான், அப்புறம் படத்தைப் பார்ப்பான், மீதியை ஊகிப்பான். ஹெச் எழுத்தில் தொடங்கி, பக்கத்தில் குதிரை படம் இருந்தால் ஹார்ஸ், வீடு இருந்தால் ஹவுஸ். முதல் வகுப்பில் யாரும் இதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் படம் போட்ட புத்தகத்தில் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். மூன்றாம் வகுப்பில் படம் குறைந்ததும் மாட்டிக்கொண்டான். அந்த வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள், ஒரே ஆசிரியர். நான் அவனோடு உட்கார முடிந்தது வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து நிமிடம்.

நம் பள்ளியில் ஐந்து வயதுக் குழந்தைக்கு 'க' என்ற எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம், 'கா', 'கி' என்று ஒன்றொன்றாகக் கூட்டிப் படிக்க வைக்கிறோம், படத்தைப் பார்த்து ஊகி என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்துக்கும் எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 2023-இல் இங்கே ரீட் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் சட்டம் வந்தால் மட்டும் இருபத்தேழு பேர் உள்ள வகுப்பு சின்னதாகிவிடாது.

நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. வீட்டில் இரண்டு பேர் பட்டம் பெற்றவர்கள், தூங்கும் முன் கதை, சனி ஞாயிறு நூலகம், கணக்குக்குத் தனி வகுப்பு. மாநிலத் தேர்வு முடிவில் 'ஆசியர்' என்று ஒரே கட்டத்தில் போடும்போது நம் பிள்ளைகளும், 1975-க்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதியாக வந்த ஹ்மாங் குடும்பத்துப் பிள்ளைகளும், பர்மாவிலிருந்து தாய்லாந்து முகாம்கள் வழியாக வந்த கரேன் பிள்ளைகளும் அதே கட்டத்தில்தான். நம் பிள்ளைகளின் மார்க் அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடிக்கிறது, அதன் அடியில் அவர்கள் மறைந்துபோகிறார்கள். இது எனக்கு ரொம்ப நாள் புரியவேயில்லை. இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2016-இல் சட்டம் வரும் அளவுக்கு அந்தச் சமூகங்கள் போராட வேண்டியிருந்தது. கறுப்பினப் பிள்ளைகள், பூர்வகுடிப் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். மொத்தச் சராசரியில் நல்ல பெயர் வாங்கும் மின்னசோட்டா, இன வாரியான இடைவெளியில் நாட்டிலேயே மோசமான மாநிலங்களில் ஒன்று என்று, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார வங்கிகளில் ஒன்றான மினியாபொலிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2019-இல் அறிக்கையே வெளியிட்டது. தரமான பொதுக் கல்வியை ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று அந்த வங்கியின் தலைவர் நீல் காஷ்காரியும், மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆலன் பேஜும் 2020-இல் அரசியலமைப்புத் திருத்தம் கேட்டார்கள். அது நிறைவேறவில்லை.

நாங்கள் நினைக்கும் பள்ளி இப்படி. முதல் வருடம் கின்டர்கார்ட்டனும் முதல் வகுப்பும் மட்டும், பிறகு வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஐந்தாம் வகுப்பு வரை. ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிரிவு, ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் பதினெட்டுப் பிள்ளைகள். எல்லாம் நிரம்பினாலும் 216 பேர், அதற்கு மேல் வளர மாட்டோம். தினமும் ஒரு மணி நேரம் மூன்று நான்கு பேர் கொண்ட சின்னக் குழுவாக வாசிப்பு. யார் எந்த ஒலியில் தடுமாறுகிறார்கள் என்று ஆறு வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக் குழுக்களை மாற்றுவோம். ஆசிரியர் வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போவார், மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு. எங்களுக்கு இதில் பிடித்தது வீட்டுக்குப் போவதுதான். பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னால் வராத அம்மா, வீட்டுக்குப் போனால் சோறு போட்டு ஒரு மணி நேரம் பேசுவார்.

சின்ன வகுப்பு என்பது வெறும் ஆசை இல்லை. 1985-இல் டென்னசி மாநிலம் கின்டர்கார்ட்டனிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கம் 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பு, இன்னொரு பக்கம் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பு என்று நான்கு வருடம் நடத்திப் பார்த்தது. சின்ன வகுப்பில் இருந்தவர்கள் முன்னேறினார்கள், அதிலும் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் கூடுதலாக.

சார்ட்டர் என்று பெயர் வைத்தாலே பள்ளி நன்றாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2009-இல் பல மாநிலங்களில் ஆராய்ந்தபோது, கணக்குப் பாடத்தில் 17 சதவீத சார்ட்டர்கள்தான் அக்கம்பக்கத்துப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் அவற்றைவிடக் கீழ். 2023-இல் அதே மையம் சராசரியில் சார்ட்டர்கள் கொஞ்சம் முந்தியிருப்பதாகச் சொன்னது. பாஸ்டனில் சார்ட்டர் பள்ளிச் சேர்க்கைக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டபோது நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆக, பள்ளியை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே செயிண்ட் பாலிலேயே ஒரு சார்ட்டர் பள்ளி, பிள்ளைகளுக்கான பணத்தை ஹெட்ஜ் ஃபண்ட் என்ற ஆபத்து அதிகமுள்ள முதலீட்டில் போட்டு 43 லட்சம் டாலர் இழந்தது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

இன்னும் இரண்டு விஷயம் என்னை உறுத்துகிறது. ஒரு பிள்ளை எங்களிடம் வந்தால் அந்தப் பிள்ளைக்கான மாநிலப் பணம் மாவட்டப் பள்ளியை விட்டு வந்துவிடும், அங்கே மிச்சம் இருப்பவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள்தான். அப்புறம், ஒரே இனத்துப் பிள்ளைகள் மட்டும் குவியும் பள்ளிகளை மாநிலம் வளரவிடுகிறது என்று 2015-இல் இங்கே பெற்றோர்கள் வழக்கே தொடுத்தார்கள், இனவாரியாகப் பள்ளிகள் பிரிவதைத் தடுக்கும் விதிகளிலிருந்து சார்ட்டர்களுக்குக் கொடுத்த விலக்கும் அந்த வழக்கில் வருகிறது. அவர்கள் கவலை நியாயமானது. சிறியதாகவே இருப்போம், எங்கள் பாடத் திட்டத்தையும் முடிவுகளையும் மாவட்டப் பள்ளிகளோடு பகிர்ந்துகொள்வோம், பல இனப் பிள்ளைகளும் வரும்படி பல இடங்களில் சொல்வோம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுகிறோம். இது முழுப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பையன் மாதிரி இன்னொரு குழந்தை மூன்றாம் வகுப்புவரை போய் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

இப்போது உங்களிடம் கேட்பது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல்தான், அதில் அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் பள்ளி ஊழியர் பிள்ளைகளுக்கும்தான் முன்னுரிமை. மற்றபடி இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டோம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் வந்து நிற்பார்கள், அதுதான் எப்போதும் நடக்கிறது. நாம் விவரம் தெரிந்தவர்கள். உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே இப்படி ஒரு பள்ளி தேவை என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள், நம்மிலும் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. சின்ன வகுப்பு, வேறு ஊர் என்றாலும் பரவாயில்லை என்று சும்மா ஒரு சீட்டு போட்டு வைப்பதை மட்டும் ஒரு முறை யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

உங்களிடம் எனக்குத் தேவை வேறு. கணக்குத் தணிக்கை தெரிந்தவர்கள் நம்மில் நான்கைந்து பேராவது இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் எங்கள் நிதிக் குழுவுக்கு வர வேண்டும், வந்து என்னையே கேள்வி கேட்க வேண்டும். கிழக்குப் பகுதி அடுக்குமாடிகளில் கதவைத் தட்டிப் பள்ளியைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டும், குலுக்கலுக்கு ஒன்றரை மாதம் முன்பே, ஹ்மாங் பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து. மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள், நோட்டீசை அவர்கள் மொழியில் அச்சடித்துத் தருகிறோம். வாரத்தில் ஒரு மாலை இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கக் கேட்க முடிந்தவர்கள் வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். நம்மில் எத்தனையோ பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பள்ளி விட்ட பிறகும் யாரோ ஒரு சார், யாரோ ஒரு டீச்சர் நம்மை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அடுத்த சனிக்கிழமை அல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் 12.15-க்கு நூலக அறையில் கூடுகிறோம். ஹ்மாங் பெற்றோர் இருவரும் வருகிறார்கள், அவர்கள் சொல்வதை நேரில் கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருக்கும், பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் திட்டம் தவறு என்று நினைப்பவர்களும் அவசியம் வாருங்கள். கேள்விகளை எழுதிக் கொண்டுவாருங்கள், முக்கியமாகப் பணத்தைப் பற்றியவற்றை. வர முடியாதவர்கள் உங்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் நானே போன் செய்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்