எடைக்குப் போடச் சொன்ன பெட்டி

டேய் மாப்ள,

மூணு மாசமா உனக்குப் பதில் போடலை. கோபம்தான். என் கம்ப்யூட்டர் பெட்டி அடிக்கடி உறைஞ்சு போகுதுன்னு எழுதினதுக்கு, "தூக்கி எடைக்குப் போடுடா"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டே. சாயங்காலம் வர்ற எட்டுப் பிள்ளைங்களும் தமிழ் டைப் பண்ணப் பழகினது அந்தப் பெட்டியிலதான். எனக்குப் பொறுக்கலை. இப்ப நோய் பிடிபட்டுடுச்சு. உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல?

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா ஆச்சுன்னு பட்டாணி சொன்னான். சொட்டு மருந்தை நேரம் தவறாம விடச் சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம்.

பெட்டி இன்டெல் ஜே1900 போர்டு. 2013ல வந்த பே டிரெயில் வகை சிப், உள்ளே கணக்குப் போடற மூளை, அதாவது கோர், நாலு, 10 வாட். திடீர்னு அப்படியே உறைஞ்சிடும். மவுஸ் நகராது, நெட்வொர்க்ல பிங் பண்ணிக் கூப்பிட்டாலும் பதில் வராது, எல்லாம் தொங்கினாலும் கேட்கற அவசர கீ சிஸ்ஆர்க்யூவை அழுத்தினாலும் அசையாது. நடந்ததை எழுதி வைக்கிற லாக்ல ஒரு வரி கிடையாது. அடாப்டர் மாத்தினேன், தெர்மல் பேஸ்ட் புதுசாப் போட்டேன், ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்டை ராத்திரி முழுக்க ஓட்டினேன். ஒண்ணும் சிக்கலை.

கடைசியில லினக்ஸோட அடிமடியான கெர்னலை அதோட மூல நிரல்லேருந்து நானே கம்பைல் பண்றதுன்னு முடிவு பண்ணினேன். தொங்கினா கண்டுபிடிக்கிற லாக்கப் டிடெக்டர் எல்லாத்தையும் ஆன் பண்ணி, கெர்னல் பேசறதை நெட்வொர்க்ல அனுப்பற நெட்கன்சோலைத் தனி மாட்யூலா விடாம உள்ளேயே சேர்த்து. உயிர் போற நேரத்துல கெர்னல் என்ன சொல்லுதோ, அது நெட்வொர்க் வழியா பக்கத்து லேப்டாப்புக்கு வந்துடும்னு நம்பிக்கை. இந்தப் பெட்டி இப்ப பயன்படுத்தற மாட்யூலை மட்டும் எடுக்கற லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். எதையும் விட்டுடக் கூடாதுன்னு லினக்ஸோட வந்த டிஸ்ட்ரோ கான்ஃபிகையே முழுசா எடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சது விடிகாலை நாலு வரைக்கும் ஓடுச்சு.

ஹாஸ்டல் ஞாபகம் வந்துச்சு. கம்பைல் பண்ற ஜிசிசி பாதியில சிக்னல் 11னு பிழை காட்டி விழுந்தப்ப, "ஒவ்வொரு தடவையும் வேற வேற ஃபைல்ல விழுந்தா ரேம்தான்டா"ன்னு வார்டன் டார்ச்சுக்கு நடுவுல நீ பாடம் நடத்தினியே! அதுக்காகவே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். நாலு கோரும் ஆறு மணி நேரம் முழு வேகம், ஒரு தடவைகூட விழலை. முடிஞ்சதும் படுத்துட்டேன். ஆறரைக்கு எழுந்து பார்த்தா, பெட்டி உறைஞ்சு நிக்குது. கடிகாரம் 4:21ல நின்னிருக்கு.

அங்கதான்டா பொறி தட்டுச்சு. வேலை செய்யறப்ப சாகலை, வேலை முடிஞ்சு சும்மா இருக்கறப்பதான் சாகுது!

புது கெர்னல்ல பூட் பண்ணி சும்மா விட்டேன். மறுபடி உறைஞ்சுது, நெட்கன்சோல்லயும் ஒரு எழுத்து வரலை. அப்புறம் ஒவ்வொரு கோருக்கும் வெட்டியா ஒரு லூப்பைக் கொடுத்து ரெண்டு நாள் ஓட்டினேன். உறையவே இல்லை, கல்லு மாதிரி தாங்குச்சு. அதுக்கப்புறம் தேடினா, இதே சிப்புக்கு இதே நோய், கெர்னல் பிழைகளைப் பதியற பக்ஸில்லாவுல 109051ஆம் எண், 2015லயே பதிஞ்சிருக்காங்க.

வேலை இல்லாத கோர் தூங்கும் இல்லையா, சி1ங்கறது சும்மா கண்ணசர்றது. சி6 அப்படியில்லை, கரண்டையே துண்டிச்சுக்கிட்டுத் தூங்கறது. இந்த சிப் சில சமயம் அந்தத் தூக்கத்துலேருந்து எழுந்திரிக்கிறதே இல்லை. செத்தவன் லாக் எழுதுவானா? அதான் ஒரு வரியும் இல்லாம போச்சு. சி1க்கு மேல ஆழமாத் தூங்காதேன்னு, இன்டெல் ஐடிலுக்கு மேக்ஸ் சி-ஸ்டேட் 1ன்னு பூட் வரியில போட்டேன், உறையறது நின்னுடுச்சு. பின்னாடி யாராவது அந்த பூட் வரி இருக்கற கிரப் அமைப்பைக் கலைச்சிடுவாங்களோன்னு அந்த வரியை கெர்னலுக்குள்ளேயே வெச்சு இன்னொரு தடவை கம்பைல் பண்ணினேன், இந்தத் தடவை லோக்கல்மாட்கான்ஃபிகோட. இன்னைக்கு இருபத்திமூணாவது நாள், ஒரு தடவைகூட உறையலை. பெட்டி கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு, கரண்டும் கொஞ்சம் கூட இழுக்கும். பரவாயில்லை.

எனக்கு மனசுல உறுத்தறது ஒண்ணுதான். இந்த மாதிரிப் போர்டு எத்தனை பேர் வீட்டுலேருந்து குப்பைக்குப் போயிருக்கும்? ஒரே ஒரு வரி தெரியாததால.

உன் பரண்ல ஒரு ஜே1900 கிடக்கே, "படம் ஓடறப்ப நல்லாத்தான் இருக்கு, நிறுத்தி வெச்சா தொங்கிடுது"ன்னு போன தீபாவளிக்கு நீயே சொன்னியே. அதைப் பழைய பேப்பர்காரனுக்குக் கொடுத்துடாதே. துணி சுத்தி அட்டைப்பெட்டியில வெச்சு பார்சல்ல அனுப்பு. அடாப்டர் வேண்டாம், என்கிட்ட இருக்கு.

உன் மாப்ள