செயலாளர் ஆண்டறிக்கை: மாதாந்தரச் சைக்கிள் வலம், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நேரத்தை விழுங்கியது ஒரே விவாதம்தான்: வலம் எந்த வழியாகப் போவது? தோட்டத்துச் செம்மண் சாலையோடு நிறுத்திக்கொண்டால் வம்பில்லை என்றார்கள் சிலர். கை தூக்கிப் பார்த்ததில் பட்டணம் வென்றது. அதன்படி மாதக் கடைசி ஞாயிறு காலை 7 மணிக்கு ரயில் நிலையத்தில் கூடி, ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகிற பெரிய சாலையைத் தொட்டு, மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் சுற்றி, பசியாறக் கடைத்தெருவுக்குத் திரும்பினோம்.

என்னைக் கேட்டால் அது நல்ல முடிவு. இங்கே தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் சந்தைக்குப் போகும் லயத்துப் பெரியவர்களும் செம்பனைத் தோட்டத்து வங்காளதேசத் தொழிலாளர்களும்தான். தனியாகப் போனால் கார்க்காரர் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. அந்தத் தொழிலாளர்கள் சிலர் எங்கள் வாலில் சேர்ந்துகொண்டார்கள். சந்தா கேட்கவில்லை, பொருளாளர் முகம் சுளித்தாலும் சரி.

சந்திகளில் கூட்டம் துண்டாகாமல் இருக்க, மஞ்சள் சட்டை போட்ட இருவர் பக்கச் சாலையை மறித்து நிற்கிறார்கள். இப்படி மறித்து நிற்கும் வழக்கம் சான் பிரான்சிஸ்கோவில் 1992 செப்டம்பரில் தொடங்கிய 'கிரிட்டிகல் மாஸ்' வலங்களிலிருந்து வந்தது என்று நம் இளைஞர் ஒருவர் சொன்னார். அங்கே தலைவர் கிடையாதாம், முன்கூட்டியே முடிவான பாதையும் கிடையாதாம். நமக்கு அது சரிப்படாது. ஒவ்வொரு மாதமும் காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

ஒருமுறை செம்பனைக் குலை ஏற்றிய லோரி சந்தியில் காத்து நின்றது. கடைசியாக வந்த அம்மாவின் சைக்கிள் சங்கிலி அந்த நேரம் பார்த்து நடுச்சாலையில் கழன்றது. ஓட்டுநர் ஹார்ன் அடிப்பார் என்று நினைத்தோம். அவர் இறங்கி வந்து, குச்சியால் சங்கிலியைப் பல்லில் ஏற்றிவிட்டு, தன் லோரியிலிருந்து சிந்திய உதிரிப் பழங்களையும் காலால் ஓரம் தள்ளினார். அந்தப் பழம் சக்கரத்தில் நசுங்கினால் எண்ணெய் கசிந்து வழுக்கும். வளைவுகளில் முன்னால் போகிறவர் கை காட்டி எச்சரிப்பது அதற்குத்தான்.

இரவு வலம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். செயலவை இப்போதைக்கு வேண்டாம் என்றது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் 'பசிக்கால் லாஜாக்' எனும், பிரேக் இல்லாமல் உருமாற்றிய சைக்கிள்களை ஓட்டிய 8 பதின்ம வயதினர் அதிகாலையில் கார் மோதி இறந்ததைப் பெற்றோர் மறக்கவில்லை. பிரேக்கும் விளக்கும் இல்லாத சைக்கிளை வலத்தில் சேர்ப்பதில்லை என்ற விதியைப் பகலிலும் கறாராகப் பார்க்கிறோம். அப்புறம், கோலாலம்பூரில் ஞாயிறு காலை நடுநகரச் சாலைகளைக் கார்களுக்கு மூடுகிறார்களே, அதுபோல் இங்கும் ஒரு மணி நேரம் கேட்டு நகராண்மைக்கு எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. மறுபடி எழுதுவோம்.

தைப்பூச மாதத்திலும் தீபாவளி மாதத்திலும் வலம் இல்லை. மழையால் தள்ளிப்போனவையும் உண்டு.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். 1966 சங்கச் சட்டப்படி, இந்தக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கைப் படிவம் சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும்; ஆகவே புதிய பொறுப்பாளர்கள் இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும். மஞ்சள் சட்டைக்கு இன்னும் இருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் தேநீர் வேளையில் என்னிடம் சொல்லலாம்.

செயலாளர்