படம் எடுத்தவரைக் கேளுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் அட்டை வடிவமைக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எடுத்தவரைக் கேட்காமல் இணையத்திலிருந்து படத்தை எடுத்து, கீழே 'நன்றி: இணையம்' என்று நீங்கள் போடுவதைப் பற்றிப் பலர் ஏற்கெனவே உங்களிடம் பேசியிருக்கிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். புத்தகக் காட்சி சமயத்தில் யாராவது முகநூலில் பொங்குவார்கள், நாலு பேர் ஆதரவாக எழுதுவார்கள், ரெண்டு நாளில் அடங்கிவிடும். அதனால் பழைய கதையை மறுபடி விளக்கப்போவதில்லை. இந்த முறை நடந்ததைச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

இந்த ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்த ஒரு நூலின் முன் அட்டையில் நான் எடுத்த படம் இருக்கிறது. செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து வாத்தியார் துரியோதனன் வேஷத்துக்கு முகம் எழுதிக்கொள்ளும் படம். என்னை யாரும் கேட்கவில்லை. உள்ளே எடுத்தவர் பெயர் இல்லை. வலது கீழ் மூலையில் நான் பொறித்திருந்த பெயரை வெட்டியிருக்கிறார்கள். தலைப்பு வைக்க இடம் வேண்டும் என்பதற்காகப் படத்தையே இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பதிப்பகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவரை மட்டும் தெருவில் நிறுத்துவதற்காக இந்த மடல் இல்லை. இதே வேலையை உங்களில் பலர் செய்கிறீர்கள். வாத்தியாரின் பெயரையும் எழுதவில்லை, ஏனென்றால் அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

அந்தப் படம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையும் கூத்துமாகப் பாரதம் நடக்கும் காலமும் கல்யாண முகூர்த்தக் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். பங்குனியிலிருந்து ஆடி வரை கூத்து. அதற்குள் சித்திரை, வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் எல்லாம் வந்துவிடும். எனக்குச் சோறு போடுவது கல்யாண வேலை. ஒரு கூத்து இரவுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு வரவேற்பு இரவை விட வேண்டும். விட்ட இரவுக்கான கூலியை யாரும் தரப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வேஷம் கட்டும் இடம் பெரும்பாலும் ஒரு தட்டி மறைப்பு. ஒரே ஒரு டியூப்லைட் தொங்கும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/100 விநாடிக்கு மேல் வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும் ஆபத்து. மெதுவாக வைத்தாலோ, வாத்தியாரின் கை ஆடி ஈர்க்குச்சியின் முனை கலங்கிவிடும். ஃபிளாஷ் அடிக்க முடியாது. அடித்தால் அரிதாரம் பூசிய முகம் எண்ணெய்ப் பளபளப்பில் வெளுத்துப் போகும், பக்கத்தில் வேஷம் போடுகிறவருக்கும் கண் கூசும். ஆகவே 50 எம்.எம். லென்ஸை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து முடித்து, அடுத்த புள்ளிக்குக் குச்சியை எடுக்கும் முன் அவர் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பார். அந்தக் கணத்தில் கை நிற்கும். இடது கையில் பாதரசம் உதிர்ந்த சின்னக் கண்ணாடி, வலது கையில் ஈர்க்குச்சி, பின்னால் டிரங்குப் பெட்டி மேல் கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும். நீங்கள் அட்டையில் போட்டது அந்தக் கணம்.

அவ்வளவு பக்கத்தில் ஒருவரை உட்கார விடுவது சாதாரண விஷயம் இல்லை. முகம் எழுதும் நேரம் அவர்கள் யாரோடும் அதிகம் பேச மாட்டார்கள். முதல் பருவம் முழுக்க நான் கேமராவை வெளியே எடுக்காமல் கூத்து பார்த்திருக்கிறேன். பிறகு வாத்தியாரே "எடு தம்பி" என்றார். அவரைக் கேட்காமல் எந்தப் படத்தையும் யாருக்கும் தர மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இந்தப் படத்தை என் இணையப் பக்கத்தில் வெளியிட்டதும் அவரிடம் காட்டிய பிறகுதான்.

பங்குனியில் கூத்து தொடங்கியதும் வழக்கம்போலப் போனேன். சென்னையில் படிக்கும் அவர் பேத்தி அந்த அட்டையைச் செல்போனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். வாத்தியார் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "எவ்வளவு குடுத்தாங்க தம்பி?" என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்றேன். "எடுத்துக்கிட்டாங்கன்னா எப்படி? நீதானே வச்சிருந்தே?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? இணையத்திலிருந்து ஒருவர் படத்தை இறக்கி, பெயரை வெட்டி, அச்சுக்கு அனுப்பி, ஆயிரம் பிரதி போட்டுக் காசாக்கலாம், எடுத்தவனுக்கு அதில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம் என்பதை, ஒரு இரவுக் கூத்துக்குப் பேசிய தொகையைக் காலையில் எண்ணிப் பங்கு பிரிக்கும் மனிதருக்கு எந்த நியாயத்தைச் சொல்லிப் புரிய வைப்பது?

அப்புறம் அவர் கேட்டதுதான் என்னால் மறக்க முடியாதது. "நான் எப்ப தம்பி பீச்சாங்கையால வேஷம் எழுதினேன்?"

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கையால் முகம் எழுதியவர். அட்டையில் அவர் இடது கையால் எழுதுகிறார். ஊரில் பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். உங்கள் வடிவமைப்பாளருக்கு அது மவுஸில் ஒரு சொடுக்கு. அன்று இரவு மறைப்புக்குள் போய் உட்கார்ந்தபோது, ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், புதிதாகச் சேர்ந்த பையன்கள் இரண்டு பேர் என் கேமராவைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். வாத்தியார் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இந்த நஷ்டத்தை எந்தக் காசோலையில் எழுதுவீர்கள்?

பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "நெட்டில் இருந்தது, யாருடையது என்று எப்படித் தெரியும்?" என்றார்கள். படத்தின் மேலேயே பெயர் இருந்தது. அதை வெட்டும் கைக்கு அது தெரிந்துதான் இருக்கும். பெயர் இல்லாத பிரதிதான் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் அது முதலில் வந்த இடத்தைப் பல சமயம் காட்டிவிடும். அப்படியும் எடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் வேறு படத்தைத் தேடுங்கள். "உங்களுக்கும் விளம்பரம்தானே?" என்றும் சொன்னார்கள். பெயரே போடாத இடத்தில் எனக்கு என்ன விளம்பரம்?

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு நூலிலும் முதல் பக்கங்களில் பதிப்புரிமை வாசகத்தை அச்சிடுகிறவர்கள் நீங்கள். அதே 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் புகைப்படத்தை எடுத்தவரை அதன் ஆசிரியர் என்கிறது. கல்யாண வேலை வேறு. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தின் உரிமை அவருக்குப் போகும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நாங்கள் ஒப்புக்கொண்டுதான் தொழில் செய்கிறோம். ஆனால் இந்தப் படத்தை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரை விட்டுப் போகாது என்பது 57-ஆம் பிரிவு. உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதைக் குற்றமாக்கிய 65பி பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது. விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்குச் சட்டம் சலுகை தருகிறது. விற்பனைக்கு வைக்கும் நூலின் அட்டை அவற்றில் எதிலும் சேராது. இதையெல்லாம் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் நூலை யாராவது பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸப்பில் சுற்றவிட்டால் உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எழுதுகிறீர்கள், அதைப் படித்து நாங்களும் உங்கள் பக்கம் நிற்கிறோம். அதே சட்டம், அதே வலி.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் எடுத்தார். பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து நீளமாக ஒட்டிவைத்தவர். அவர் படத்தைப் போடும்போது பெயரையும் ஆண்டையும் சரியாகப் போடுகிறீர்கள், போடத்தான் வேண்டும். அவர் படங்களின் உரிமைக் காலம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிறது. அங்கே காட்டும் அந்த அக்கறை, உயிரோடு இருந்து வாடகை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பப் படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் அச்சாயின. பின்னாளில், 2011-இல், அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். படம் யாருடையது என்பதை மறைக்கும் பழக்கம் அவ்வளவு பழையது. அதை இப்போதாவது விடலாம் இல்லையா?

இது உங்களோடு நிற்கவும் இல்லை. இலக்கிய விழாவில் பந்தல்காரருக்குக் காசு உண்டு, மைக் செட்டுக்கு உண்டு, சாப்பாட்டுக்கு உண்டு. படம் எடுக்கிறவரை மட்டும் 'நம்ம பையன்' என்று அழைப்பார்கள். புகைப்படப் போட்டி என்று அறிவித்து, அனுப்பிய எல்லாப் படங்களின் உரிமையும் நடத்துகிறவருக்கே என்று விதிகளின் கடைசியில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசு வாங்காதவர் படமும் அப்படியே போய்விடும். இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்த அட்டைகள் வேறு வரத் தொடங்கிவிட்டன. எந்த ஊர்க் கூத்திலும் இல்லாத கிரீடத்தை எந்த ஊரிலும் இல்லாத ஒரு முகத்தில் வைத்து, நம் மண்ணின் கலை என்று தலைப்புப் போடுகிறார்கள். படம் எடுத்தவரைக் கேட்கும் தொல்லை மிச்சம் என்று ஒரு வடிவமைப்பாளர் என்னிடமே சொன்னார். அதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. சரி, அது தனியாக எழுத வேண்டிய விஷயம். உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

படத்தை எடுத்துக்கொள்ளும் முன் எடுத்தவரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள், படத்துக்கு அருகிலோ உரிமைப் பக்கத்திலோ, படிக்கக்கூடிய எழுத்தில். புரட்டவோ வெட்டவோ வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். சன்மானம் கொடுங்கள். சிற்றிதழ் நடத்துகிறீர்கள், கையில் காசு இல்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள்; சும்மாவே தந்திருக்கிறேன், இன்னமும் தருவேன். என்னைப் போன்ற பலரும் தருவார்கள். கேட்டால் கிடைக்கும் பொருளைக் கேட்காமல் எடுப்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. படத்தில் இருப்பவரையும் எங்கள் மூலமாகக் கேளுங்கள். கலைஞரின் முகத்தை அட்டையில் போட்டு விற்கும் நூலில் அவருக்கு ஒரு பிரதிகூடப் போகவில்லை என்பது நம் எல்லோருக்கும் அவமானம்.

குறிப்பிட்ட அந்தப் பதிப்பகத்தாருக்கு: என் பெயர், முகவரி, மூலப் படக் கோப்பு எல்லாம் தனிக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த அச்சில் படத்தைச் சரியான பக்கமாகத் திருப்பிப் பெயரோடு போடுங்கள், உரிய தொகையைக் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தப் படத்தை நாங்கள் கேட்காமல் எடுத்தோம், எடுத்த தம்பி எங்களுக்குத் தரவில்லை, ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, உங்கள் கையை மாற்றிப் போட்டது எங்கள் தவறு என்று உங்கள் பதிப்பகத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அரைப் பக்கம் போதும். அவர் விலாசத்தை, அவரிடம் கேட்டுவிட்டு, நானே தருகிறேன்.

ஆடியில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் மறுபடி பாரதம் கட்டுகிறார்கள். அதற்குள் அந்தக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
செய்யாற்றிலிருந்து ஒரு புகைப்படக்காரர்