செயலாளர் ஆண்டறிக்கை: 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வேளச்சேரி வட்டார முன்னாள் படைவீரர்களாகிய நம் சங்கத்தின் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான பணிகளை இந்த அறிக்கையில் முன்வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றினோம். ஜூலை 26 அன்று காமராஜர் சாலைப் போர் நினைவுச்சின்னத்தில் கார்கில் வீரர்களுக்கு மலர்வளையம் வைத்தோம். நவம்பரில் ஸ்பர்ஷ் என்னும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் வாழ்நாள் சான்று பதிவுசெய்ய உதவி முகாம் நடந்தது. இந்த ஆண்டில் நாற்காலி போதாமல் போனது அந்த ஒரு நாள்தான்.

இனி, லோங்கேவாலா படைப்பிரிவுகளுக்கு மரியாதை செலுத்திய மாலை. 1971 இந்திய–பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்து லோங்கேவாலா மணல்மேட்டுக் காவல்நிலையில் பஞ்சாப் ரெஜிமென்டின் 23-வது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், 40-க்கும் மேற்பட்ட டாங்கிகளோடு வந்த எதிரிப்படையை விடியும்வரை தடுத்து நிறுத்தியது. ஆண்டுதோறும் டிசம்பர் 4 மாலை இதை நினைவுகூர வேண்டும் என்று நான் முன்மொழிந்தபோது, மதராஸ் ரெஜிமென்ட் இருக்கப் பஞ்சாப் ரெஜிமென்டுக்கு ஏன் விழா என்று ஒரு தரப்பும், அன்று கடற்படை தினமாயிற்றே என்று கடற்படைத் தரப்பும் கேட்டன. இரண்டும் நியாயமான கேள்விகளே; ஆனால் கேட்டவர்களில் ஒருவரும் ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு வரவில்லை.

அந்தக் கம்பெனிக்குத் தலைமை தாங்கிய மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரிக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டதை நாடறியும். அந்த இரவு அவர் ஒருவரால் மட்டும் கழிந்ததல்ல என்பதற்காகவே, ஒட்டகங்களோடு அங்கிருந்த எல்லைப் பாதுகாப்புப் படையினரையும், இரவில் பறக்க வழியின்றி விடியலுக்குக் காத்திருந்து வந்து டாங்கிகளைத் தாக்கிய ஜெய்சல்மேர் ஹண்டர் விமானப் பிரிவையும் சேர்த்து மூன்று பித்தளைப் பட்டயங்கள் செய்தோம்.

ஒட்டுப்பலகையில் எம்-சாண்ட் பரப்பி, தீப்பெட்டிகளை டாங்கிகளாகவும் கறுப்பு நூலை முள்வேலியாகவும் வைத்து போர்க்களத்தைக் காட்டும் சாண்ட் மாடல், அதாவது மணல் மாதிரி, ஒன்றை நானே செய்தேன். அந்த நூலை ஒட்டத்தான் அதிக நேரம் பிடித்தது. முழுமையான கண்ணிவெடிப் புலம் அமைக்க நம்மவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆயினும் வேலியைக் கண்ட எதிரிக் காலாட்படை அப்பால் கண்ணிவெடி இருக்கும் என்று நின்றுவிட, அதைத் தேடுவதிலேயே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போயிற்று. அதற்குள் ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கி டாங்கிகளைக் கொளுத்த, அந்த வெளிச்சத்திலேயே அடுத்த இலக்குகள் தெரிந்தன. பகலில் மென்மணலில் புதைந்த டாங்கிகளை ஹண்டர்கள் பார்த்துக்கொண்டன.

நிகழ்ச்சி நாளான 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் வேளச்சேரியை மூழ்கடித்ததால் மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் திரும்பவில்லை. மாடலின் மணலும் கரைந்தது. மீண்டும் செய்து, வெற்றி தினமான டிசம்பர் 16 அன்று மாலை நடத்தினோம். புயலுக்கு அன்று யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் டிசம்பர் 16 சனிக்கிழமை, மழையுமில்லை, முதல் மூன்று வரிசைகளுக்குப் பின்னால் ஆளுமில்லை. வந்தவர்களில் பலர் குடும்பத் தலைவிகள். அவர்களே கடைசிவரை கேள்வி கேட்டார்கள்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. பட்டயச் செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடியது. அதைச் சந்தா வரவால் ஈடுகட்டியிருக்கலாம், வந்திருந்தால். இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கியுள்ளோர் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் பணித்ததால் வாசிக்கவில்லை. ஒலிபெருக்கி, தேநீர் ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

மூட்டுவலியால் அடுத்த ஆண்டும் இப்பொறுப்பை ஏற்க இயலுமா என்று உறுதியில்லை. பொதுக்குழு கட்டாயப்படுத்தினால் அது வேறு விஷயம். மூன்று பட்டயங்களையும் உரிய தலைமையகங்களுக்கு அனுப்ப வேண்டிய செலவு இன்னும் கைக்கு வரவில்லை. சாண்ட் மாடல் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. ஜூனுக்குள் அதை அப்புறப்படுத்தும்படி குடியிருப்போர் எழுத்தில் கேட்டிருப்பதால், ஆறடிக்கு நாலடி இடம் உள்ள உறுப்பினர் யாரேனும் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்