நீ அனுப்பிய நாவலைப் படித்துவிட்டோம்

அன்பு மகனுக்கு,

எண்ணெய் வரத்து நின்றுபோன உலகத்தைப் பற்றி நீ அனுப்பிய நாவலை நான் மட்டுமல்ல, எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து முடித்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் இருட்டிய பிறகுதான் எழுந்தோம். "இதெல்லாம் உண்மையிலேயே நடக்குமா, அம்மா?" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வராமல்தான் எழுதுகிறேன்.

முதல் நூறு பக்கங்கள் பிரமாதம். வளைகுடாவில் எண்ணெய் முனையங்கள் எரிகின்றன, கப்பல்கள் நிற்கின்றன, மூன்றாம் நாளே பெட்ரோல் பங்குகளில் 'இருப்பு இல்லை' பலகை தொங்குகிறது. கடலில் கிளம்பிவிட்ட கப்பல்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்குமே, மூன்று நாளில் எப்படித் தீரும் என்று ஒருவர் மடக்கினார். லாரி நிறுவனம் ஒன்றில் நீண்ட காலம் கணக்கு பார்த்த நண்பர்தான் விளக்கினார். சாதாரண நாளில் யாரும் டேங்கை நிரப்பி வைத்துக்கொள்வதில்லை. பயம் வந்ததும் கால் டேங்க் குறைந்தவன்கூட வரிசைக்கு வந்துவிடுகிறான். பங்கின் நிலத்தடித் தொட்டியில் இருக்க வேண்டியது ஒரே நாளில் கார்களுக்குள் இடம் மாறிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனில் நடந்தது இதுதான். எரிபொருள் வரியை எதிர்த்து விவசாயிகளும் லாரிக்காரர்களும் சுத்திகரிப்பு ஆலைகளின் வாசலை மறித்தார்கள். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான பங்குகள் காலி. கடைகளில் ரொட்டியையும் பாலையும் ஜனங்கள் பயத்தில் வாங்கிக் குவித்தார்கள். அத்தனை நாளும் ஆலைகளுக்குள் எண்ணெய் இருந்தது.

மின்சாரம் போகும் இடத்தையும் ஆசிரியர் நன்றாக எழுதியிருக்கிறார். காலுக்கடியில் ஆயிரக்கணக்கான லிட்டர் கிடக்கிறது. பம்பு ஓடாததால் மேலே குழாயைப் பிடித்து நிற்பவனுக்கு ஒரு சொட்டு வரவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பவும் படித்தேன்.

ஆனால் மூன்றாம் வருடத்தில் நாயகன் ஒரு பழைய கொட்டகையில் கண்டெடுத்த பெட்ரோலை ஊற்றி வண்டியைக் கிளப்புகிறானே, அங்கே எங்கள் வேதியியல் ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டார். பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். சீக்கிரம் ஆவியாகும் பகுதி போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறி எஞ்சினை அடைக்கும். மூன்று வருடப் பெட்ரோலை நம்பி எவனும் துரத்தலில் இறங்க முடியாது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புத்தகத்தைப் படித்துவிட்டு இரண்டு கேன்களில் பெட்ரோல் வாங்கி வீட்டுக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை முதலில் அப்புறப்படுத்து. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். ஒரு சுவிட்சின் பொறி போதும். உலகம் குலைவதற்கு முன்பே உன் வீடு எரிந்துவிடக் கூடாது, கண்ணா. கடை மூடியிருக்கும் நாட்களுக்குத் தண்ணீரும் அரிசியும் மருந்தும் சேர்த்து வை, அதை நான் தடுக்கவில்லை.

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன். நூறாவது பக்கத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் சுடத் தொடங்குகிறார்கள். நாயகன் மலைமேல் வேலி போட்டுத் துப்பாக்கியோடு உட்கார்ந்துகொள்கிறான். எண்ணெய் போனால் மனிதன் மிருகமாவான் என்பதுதான் ஆசிரியரின் தீர்ப்பு. பாதிப் பேர் அதை ஒப்புக்கொண்டார்கள். எனக்கு ஒப்பவில்லை.

ஆபத்தை நான் சிறிதாக்கவில்லை. உலகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவழிக்கிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். சாதாரண காலத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வளைகுடாவின் வாயிலில் இருக்கும் ஹோர்முஸ் என்ற ஒரு குறுகிய நீரிணை வழியாகப் போகிறது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்த அடிக்குப் பிறகுதான் 1974இல் சர்வதேச எரிசக்தி முகமை உருவானது. அதன் உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்குச் சமமான எண்ணெயை இருப்பு வைக்க வேண்டும். 1991, 2005, 2011, 2022 ஆகிய ஆண்டுகளில் அந்த இருப்பைச் சேர்ந்து திறந்துவிட்டிருக்கிறார்கள். நாவலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எண்ணெய் உண்மையாகவே நின்றுபோன நாடுகள் இருக்கின்றன. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் மலிவு எண்ணெய் கியூபாவுக்கும் வடகொரியாவுக்கும் ஒரே சமயத்தில் அறுந்தது. வடகொரியாவில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் செத்தார்கள். கியூபாவிலும் ஜனங்கள் மெலிந்தார்கள், மின்சாரம் பாதி நாள் இல்லை, 1994இல் ஆயிரக்கணக்கானோர் தெப்பம் கட்டிக் கடலில் இறங்கி ஓடினார்கள். இருந்தாலும் அங்கே அத்தகைய பஞ்சச் சாவு இல்லை. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் வந்தன. டிராக்டர் நின்ற வயலில் காளைகள் இறங்கின. ரேஷன் புத்தகம் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது சாலையோரத்து ஏற்பாடு: மஞ்சள் உடை அணிந்த அலுவலர்கள் அரசு வாகனங்களைக் கைகாட்டி நிறுத்துவார்கள், இடம் இருந்தால், காத்திருப்பவர்களை வரிசைப்படி ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் வேறு வித்தியாசங்கள் ஆயிரம் உண்டு, வடகொரியாவை வெள்ளமும் அழித்தது. ஆனாலும் எண்ணெய் மட்டுமே தலைவிதியாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே விழுந்திருக்க வேண்டும்?

2022இல் இலங்கையைப் பார்த்தோமே. அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருள் வரிசையில் காத்து நின்ற முதியவர்கள் சிலர் அங்கேயே உயிரை விட்டார்கள். ரம்புக்கனையில் போராடியவர்கள்மீது காவல்துறை சுட்டதில் ஒருவர் இறந்தார். பிறகு வாகனத்துக்கு வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று கியூஆர் குறியீட்டு அட்டை வந்தது. எண்ணெய் அப்போதும் பற்றாக்குறைதான். ஆனால் என் பங்கு எனக்கு வரும், முன்னால் நிற்பவன் இரண்டு முறை வாங்க மாட்டான் என்று தெரிந்ததும் வரிசை சுருங்கியது. கோபத்தை மூட்டுவது பற்றாக்குறையைவிட, பின்வாசல் வழியாக யாரோ நிரப்பிக்கொண்டு போகிறான் என்ற சந்தேகம் என்றே நினைக்கிறேன். நாவலாசிரியர் எண்ணெயைப் படித்த அளவுக்கு வரிசையைப் படிக்கவில்லை.

பெண்களைப் பற்றியும் எங்களில் பலருக்கு வருத்தம். அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவர்கள் அழுகிறார்கள், காத்திருக்கிறார்கள், கடத்தப்படுகிறார்கள். அடுப்பு எரியாத வீட்டில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரே அடுப்பில் பொங்குவதை எழுத ஆசிரியருக்குத் தோன்றவே இல்லை.

அவர் கையில் நல்ல கதை ஒன்று இருந்தது, கண்ணா. பதினெட்டாம் அத்தியாயத்து டேங்கர் ஓட்டுநர். கடைசி டீசல் அவன் வண்டியில் இருக்கிறது. ஒரு பக்கம் ஜெனரேட்டர் நிற்கப்போகும் மருத்துவமனை, மறுபக்கம் பம்புசெட் ஓடாமல் பயிர் கருகும் அவன் ஊர். அரைப் பக்கம் யோசிக்க விட்டுவிட்டு அவனைச் சுட்டுத் தள்ளிவிட்டார். எங்கள் பேச்சு கடைசியில் அவனிடம்தான் வந்து நின்றது. கணக்கு பார்த்த நண்பர் மருத்துவமனைக்கு என்றார். வேதியியல் ஆசிரியை, பயிர் போனால் வரும் மாதங்களில் இன்னும் அதிகம் பேர் சாவார்கள் என்றார். பாதிப் பாதி பிரிக்கலாம் என்று நான் சொன்னதை இருவருமே ஏற்கவில்லை. அந்த அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு, நீயாக இருந்தால் வண்டியை எங்கே திருப்புவாய் என்று எழுது. அடுத்த சந்திப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.

கேன்களை அப்புறப்படுத்தியதும் அன்றைக்கே சொல்.

அன்புடன்,
அம்மா