உதவித்தொகைக்கான சான்றுகள் பிளஸ் டூ வகுப்பிலேயே கைக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதி இ-சேவை மையங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் காலை முதலே காத்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் தலைமுறை பட்டதாரி சான்று என்று எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஆகியோரின் ஒப்புதலைப் பெற்று அவை வந்து சேர்வதற்குள் கல்லூரியில் சேரும் தேதி நெருங்கிவிடுகிறது. கல்லூரி மாணவர்களுக்கு அரசு அளிக்கும் உதவிகளுக்கு இன்று குறைவில்லை. உரிய காலத்தில் சான்றுகளும் வங்கிக் கணக்கும் தயாராக இல்லாததால்தான் பல பிள்ளைகள் அவற்றை இழக்கிறார்கள் என்பது, கல்லூரி அலுவலகத்தின் உதவித்தொகைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய நான் கண்ட உண்மை. எனவே, இந்தப் பணியை பிளஸ் டூ வகுப்பு நடக்கும்போதே, ஜனவரி மாதத்தில், பள்ளி வளாகத்திலேயே முகாம் அமைத்து முடிக்குமாறு வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்ட நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் தலைமுறை பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாத நிலையில், பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் மட்டுமே அது கிடைக்கும் என்பதும், ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே அது உண்டு என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வீடு தேடி வந்து, சீட்டு முடிந்துவிடும் என்று அவசரப்படுத்தும் இடைத்தரகர்களின் பேச்சை நம்பி, கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டி அசல் சான்றிதழ்களையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்த நிமிடமே முதல் தலைமுறைச் சலுகை போய்விடுகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கூடவே கைநழுவுகிறது. 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்ட அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதைத் தெரியாமல் இழந்துவிட்டு, நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய குடும்பங்களைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

சான்றுகளைப் போலவே முக்கியமானது வங்கிக் கணக்கு. மாணவியருக்காக 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதந்தோறும் 1,000 ரூபாயை மாணவர் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துகின்றன. வேறு உதவித்தொகை பெறுபவரும் இந்தத் தொகையைப் பெறலாம். பேர்ணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ வேலூருக்கு வந்து படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆயிரம் ரூபாய் சாப்பாட்டுச் செலவுக்கும் புத்தகத்துக்கும் எவ்வளவு பயன்படுகிறது என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும். முன்பு பெண்களுக்குத் திருமண நிதியுதவியாக இருந்த திட்டத்தைப் புதுமைப் பெண் என்று உயர்கல்விக்கான உதவியாக மாற்றியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், தோழிக்கு வந்த பணம் தனக்கு வரவில்லை என்று கலங்கி நிற்கும் மாணவிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஆதார் நகலை வங்கியில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அரசுப் பணம் நேரடியாக வர வேண்டுமானால், வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவில் அந்த ஆதார் எண்ணுக்கு எதிராக எந்த வங்கி குறிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு வங்கி மட்டுமே அங்கே குறிக்கப்படும். பள்ளி நாளில் திறந்து, பின்பு பயன்படுத்தாமல் முடங்கிப்போன கணக்கு அதில் இருந்தால் பணம் வந்து சேராது. அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி, கிராமத்து அஞ்சல்காரர் மூலமாகவே ஆதார் இணைப்புடன் கணக்குத் தொடங்கித் தருகிறது. அவரைப் பள்ளிக்கு வரவழைத்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையில் இந்த வங்கிக் கணக்கு இன்னும் கூர்மையான பிரச்சினையாகிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டிய இத்திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநில அரசும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு 60:40 என்ற அளவிலும், பழங்குடியின மாணவர்களுக்கு 75:25 என்ற அளவிலும் பகிர்ந்துகொள்கின்றன. மத்திய அரசின் பங்கு இப்போது மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. அதை எடுத்து அவர் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும். வந்திருப்பது கல்விக் கட்டணம் என்று வீட்டில் எவரும் சொல்லித்தராததால், அது குடும்பத்தின் அவசரச் செலவில் கரைந்துபோகிறது. பிறகு கல்லூரி பாக்கி கேட்கும்போது, தேர்வு நுழைவுச் சீட்டுக்காக அந்தப் பிள்ளை அலுவலக வாசலில் நிற்க நேர்கிறது. சேரும்போதே முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லி வற்புறுத்தும் தனியார் கல்லூரிகளும் உண்டு. இத்திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளில், முன்கூட்டிக் கட்டணம் செலுத்தாமல் சேர்வதற்கான ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற அட்டைக்கு வழி இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம் என்று பிளஸ் டூ வகுப்பிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் வட்டிக்குக் கடன் வாங்காமல் தப்பிக்கும். அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. பழங்குடியினர் சான்றை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கும் மேலுள்ள கோட்டாட்சியருக்கே உரியது என்பதால் அது கைக்கு வரக் காலம் அதிகமாகிறது. மே மாதத்தில் விண்ணப்பித்து ஜூலையில் கல்லூரிக்குப் போக அவர்களால் எப்படி முடியும்?

நம் பகுதிக்கே உரிய ஓர் உதவியைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். குடியாத்தம், பேர்ணாம்பட்டு வட்டாரங்களில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் ஏராளம். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக உதவித்தொகை வழங்குகிறது. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை அதில் கிடைக்கும். இதற்கு அடிப்படை ஆவணம் தொழிலாளியின் அடையாள அட்டை. பல பெண்கள் வேறொருவர் பெயரில் பீடி சுற்றிக் கொடுப்பதால் அவர்கள் பெயரில் அட்டை இருப்பதில்லை. அட்டை இருந்தாலும் அதிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒத்துப்போவதில்லை. விரல் நோக உழைத்தவளின் பிள்ளைக்கு, அந்த உழைப்பின் பேரில் வரவேண்டிய உதவி ஓர் எழுத்துப் பிழையால் நின்றுபோவதை ஏற்க முடியவில்லை. பள்ளி முகாமுக்குத் தொழிலாளர் துறையினரையும் அழைத்து வந்தால் இதைப் பல மாதங்களுக்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களும், கட்டுமானத் தொழிலாளர்களும், கைத்தறி நெசவாளர்களும் தத்தம் நல வாரியங்களில் பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் கல்வி உதவி உண்டு.

தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவியருக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்கும் ‘பிரகதி’ உதவித்தொகையை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்துகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே போன்று ‘சக்ஷம்’ உள்ளது. இவ்வளவுக்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால்தான் வங்கிக் கல்விக் கடனை நாட வேண்டும் என்பது என் கருத்து. கடன் தேவைப்படுவோர், 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கப்படாது என்பதையும், படிப்புக் காலத்துக்குப் பிறகு ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும் என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

தேர்வு முடிவுக்குப் பின் நடத்தப்படும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சி பிள்ளைகளுக்கு நல்ல வழிகாட்டி. அதைக் குறை சொல்ல மாட்டேன். என்ன படிக்கலாம் என்பதை அங்கே தெரிந்துகொள்ளும் பிள்ளையின் கையில், அதற்கான சான்றுகள் முன்பே இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வட்டாட்சியர் அலுவலகப் பணியாளர், அஞ்சல்காரர் அல்லது வங்கிப் பணியாளர், அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் ஆகிய மூவர் ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு நாள் வந்து அமர்ந்தால் போதும். அதுவரை, தேவையான சான்றுகளின் பட்டியலையும் அவற்றை வழங்கும் அலுவலர் யார் என்பதையும் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்குப் பிந்தைய வாரத்தில் தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் வெளியிட்டால், தலைமையாசிரியர்கள் அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
குடியாத்தம்.