வாங்கியவர்களும் விற்றவர்களும் இருக்கும்போதே கேளுங்கள்: அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கூடத்தில் நடைபெற்றுவரும் பேஸ்போல் கண்காட்சியின் விளக்கப் பலகைகள் குறித்து நான் எழுதிய கடிதங்களும் உங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்களும் உங்கள் கோப்பில் இருப்பதால், அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் கடைசியாக வந்த பதிலில், வீரர்களின் படம் அச்சிட்டுப் பிள்ளைகள் சேர்ப்பதற்காக வெளியிடப்பட்ட பேஸ்போல் அட்டைகளைச் சிறுவயதில் வாங்கியவர்களின் நினைவுகளை ஆவணச் சான்றாக ஏற்க இயலாது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். இந்த அட்டைகள் எந்த ஊரில், எந்தக் கடையில், யார் கைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதை, அவற்றை வாங்கியவர்களும் விற்றவர்களும் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை.

முதலில் அந்தக் கண்ணாடிப் பேழை. எங்கள் நகரத்து பேஸ்போல் அணியான ரொறன்ரோ புளூ ஜேஸின் வீரர்களின் படத்தை முன்புறமும் தீப்பாதுகாப்பு அறிவுரையைப் பின்புறமும் கொண்ட அட்டைகளை அதில் அடுக்கி, கீழே ‘1980களின் வணிக அட்டைகள்’ என்று எழுதி, அதற்கும் கீழே ஏலச் சந்தையில் இன்று அவை பெறும் விலையைக் குறித்திருக்கிறீர்கள். 1984 முதல் வெளிவந்த அந்த அட்டைகள் கடையில் பபிள்கம்மோடு விற்கப்பட்டவை அல்ல. ஒன்ராறியோவின் தீயணைப்பு நிலையங்கள் வழியாகப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டவை. ஒரு பொருளை விற்றார்களா கொடுத்தார்களா என்பதையே மாற்றிச் சொல்லும் பலகை, அந்தப் பொருளைப் பற்றி வேறு எதைச் சரியாகச் சொல்லிவிடும்?

1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரொறன்ரோவின் சென். ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் குடியேறிய பல குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சீருடை அணிந்தவர்களைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திப் பழகியவர் என் அம்மா. அட்டை கொடுக்கிறார்கள் என்று வகுப்புத் தோழர்கள் சொன்னதைக் கேட்டு நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும் என்றபோது, அவர் என்னைத் தனியே விடாமல் தானும் வந்து, வாசலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார். சீருடைக்காரர் ஒருவர் குனிந்து என் கையில் புளூ ஜேஸ் வீரர் ஜோர்ஜ் பெல்லின் அட்டையைக் கொடுத்தார். டொமினிக்கன் குடியரசில் பிறந்து, எங்களைப் போலவே வேறு மொழியோடு இந்த நாட்டுக்கு வந்தவர் பெல் என்பதால் எங்கள் மாடியில் அவருக்கு இருந்த செல்வாக்கு மிகப் பெரியது. அன்றிரவு அட்டையின் பின்புறத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நாட்டின் அரச நிறுவனம் ஒன்று எங்களோடு முதன்முதலாகப் பேசியது அந்த அட்டை வழியாகத்தான். இதை எந்த அச்சகத்தின் கணக்குப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது.

உங்கள் பதில் என்னை வருத்தியதற்குக் காரணம் என் சொந்த நினைவு புறக்கணிக்கப்பட்டது மட்டும் இல்லை. பேஸ்போல் அட்டைகளின் வரலாற்றில் வட்டார விநியோகம் என்ற பகுதியே பெரிதும் இத்தகைய நினைவுகளால் ஆனது. 1953இல் மில்வாக்கிக்கு பிரேவ்ஸ் அணி வந்தபோது ஜோன்ஸ்டன் பிஸ்கட் நிறுவனம் அந்த அணியின் அட்டைகளைத் தன் பொதிகளோடு கொடுத்தது. அதே ஆண்டு டிட்ரொயிட் பகுதியில் கிளெண்டேல் நிறுவனத்தின் இறைச்சிப் பொதிகளுக்குள் அந்த நகரத்து டைகர்ஸ் அணி வீரர்களின் அட்டைகள் இருந்தன. சின்சினாட்டியில் கான்ஸ் இறைச்சி நிறுவனம் 1955 முதல் 1960களின் இறுதிவரை இதைச் செய்தது. அடுத்த மாநிலத்தில் வளர்ந்த சிறுவனுக்கு இப்படி ஓர் அட்டை இருப்பதே தெரிந்திருக்காது. எஞ்சியிருக்கும் அட்டைகளில் இறைச்சியின் எண்ணெய்க் கறை படிந்திருப்பது ஏன் என்பதை, அவற்றைப் பொதியிலிருந்து எடுத்துத் துடைத்தவர்கள்தான் சொன்னார்கள்.

பெரிய நிறுவனங்களின் கதையும் வேறு மாதிரி இல்லை. அமெரிக்க அட்டை நிறுவனமான டொப்ஸ் 1952இல் வெளியிட்ட 407 அட்டைகளில் 311ஆம் எண் முதலானவை ஆட்டப் பருவத்தின் கடைசியில் வந்தன. பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குத் திரும்பிவிட்ட நேரம் அது. பல கடைக்காரர்கள் அவற்றைத் தருவிக்கவே இல்லை. விற்காமல் கிடந்த மிச்சப் பெட்டிகளை 1960இல் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை உருவாக்கிய சை பேர்கரே பிற்காலத்தில் சொன்னார். அந்த வரிசையின் 311ஆம் அட்டை, நியூயோர்க் யாங்கீஸ் வீரர் மிக்கி மான்டிலுடையது, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டொலருக்கு ஏலம் போனதை உங்கள் பலகை பெரிய எழுத்தில் சொல்கிறது. அது ஏன் அரிதாயிற்று என்பதற்கு ஒரு சொல்கூட அங்கே இல்லை. 1975இல் அதே நிறுவனம் தன் 660 அட்டைகளையும் சற்றே சிறிய அளவில் அச்சிட்டுச் சில இடங்களில் மட்டும் விற்றுப் பார்த்தது. மிச்சிகனிலும் மேற்குக் கரையிலும் வளர்ந்தவர்கள் அவற்றைக் கடையில் வாங்கியதாகச் சொல்வார்கள். பிற இடங்களில் வளர்ந்த பலர் வளர்ந்த பிறகே அவற்றைக் கண்டார்கள். விநியோக வரைபடம் அந்த மனிதர்களின் தலைக்குள் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வருவோம். 1911இல் தொடங்கப்பட்ட, ஒன்ராறியோவின் லண்டன் நகரைச் சேர்ந்த ஓ-பீ-சீ நிறுவனம் டொப்ஸின் உரிமத்தோடு கனடாவுக்கென்று அட்டைகளை அச்சிட்டது. 1970 முதல் பின்புறத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்தே இருந்தன. 1980களின் பெரும்பகுதியில் டொப்ஸின் தொகுப்பில் 792 அட்டைகள் இருக்க, எங்களுக்குக் கிடைத்தது 396 மட்டுமே. அதனால் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் உள்ள பஃபலோவுக்குச் சென்றுவரும் உறவினர் உள்ள பையன் வகுப்பில் தனி மதிப்புப் பெற்றான்: எங்கள் தொகுப்பில் இடம்பெறாத வீரர்களின் அட்டைகள் அவனிடம் இருந்தன. ஆனால் அவனிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தது. ஓ-பீ-சீ தாமதமாக அச்சிட்டதால், அணி மாறிய வீரரின் பழைய படத்தின் மேலேயே அவர் இப்போது எந்த அணியில் இருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். வெட்டு ஓரங்கள் பிசிறடித்துச் சொரசொரப்பாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எல்லைக்கு எந்தப் பக்கத்து அட்டை என்று சொல்லிவிடுவோம். 1985 முதல் 1988 வரை லீஃப் என்ற பெயரில் 264 அட்டைகள் கொண்ட இன்னொரு கனடியத் தொகுப்பும் வந்தது. மொன்றியலில் இருந்த என் பெரியம்மாவின் பிள்ளைகள் தங்கள் நகரத்து அணியான எக்ஸ்போஸின் அட்டைகளைத் தபாலில் அனுப்ப, நான் புளூ ஜேஸ் அட்டைகளைத் திருப்பி அனுப்புவேன். 2004ஆம் ஆண்டோடு எக்ஸ்போஸ் அணி மொன்றியலை விட்டே போய்விட்டது. எக்ஸ்போஸ் வீரர் டிம் ரெயின்ஸின் அட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பேழையில் ஓ-பீ-சீ அட்டைகளும் டொப்ஸ் அட்டைகளும் ஒரே வரிசையில் ஒரே தலைப்பின் கீழ் கிடக்கின்றன.

இனி எழுதப்போவதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. எங்கள் தெருமுனைக் கடையை நடத்தியவர் ஒரு கொரியப் பெரியவர். ரொறன்ரோவின் எத்தனையோ மூலைக்கடைகளைக் கொரியக் குடும்பங்களே அக்காலத்தில் காலை முதல் நள்ளிரவு வரை திறந்து வைத்திருந்தன. முதல் அட்டைப் பெட்டி எந்த வாரத்தில் வரும், மொத்த விற்பனையாளரின் வண்டி எந்தெந்தக் கடைகளுக்குப் போகும், எந்தக் கடையைத் தவிர்க்கும், விற்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்தார்களா இல்லையா, ஐஸ் ஹொக்கி அட்டை வந்ததும் பேஸ்போல் பெட்டியை ஏன் பின்னால் தள்ள வேண்டியிருந்தது என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. பற்றுச்சீட்டுகளைக்கூட ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். பிள்ளைகளிடம் சில்லறை போதாதபோது கடன் எழுதிய சிறு குறிப்பேடு ஒன்றும் அவரிடம் இருந்தது. என் பெயரும் அதில் இருந்ததைக் காட்டினார். உங்கள் கண்காட்சி அறிவிக்கப்பட்டதும் அவரே ஆர்வத்தோடு வந்து பேசுகிறேன் என்றார். அவர் சார்பில் நான் உங்களுக்கு எழுதினேன். ஒரு படிவம் வந்தது. நிரப்பி அனுப்பியபின் இன்னொரு படிவம் வந்தது, பொருள்களின் உரிமைச் சான்று கேட்டு. பிறகு, கண்காட்சித் திட்டமிடல் முடிந்ததும் தொடர்புகொள்வோம் என்று ஒரு குறிப்பு. ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் அவர் வீட்டுக்கு ஒரு பிற்பகல் போயிருந்தால் போதும். யாரும் போகவில்லை.

கடந்த குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது அவரால் பேச இயலாது. வீட்டை விற்றுப் பெற்றோரைத் தம்மோடு அழைத்துக்கொண்ட பிள்ளைகள், எதற்கென்று தெரியாத பழைய காகிதக் கட்டுகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை; அந்தக் கட்டுகளுக்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நிறுவனம் வாய் திறக்கவில்லை. அவர் பேசத் தயாராக இருந்த மாதங்கள் முழுவதும் நீங்கள் அவரிடம் கேட்டது படிவங்களை மட்டுமே. இதைக் கோபமில்லாமல் எழுத எவ்வளவோ முயல்கிறேன்.

அட்டைகளைப் பெரிய நிறுவனங்கள் தீவிரமாக எடுத்துக்கொள்ளாது என்று நீங்கள் கருதினால் நியூயோர்க்கைப் பாருங்கள். சிரக்யூஸ் நகரத்தில் தொழிற்சாலை வேலை பார்த்த ஜெபர்சன் பேர்டிக், 1947 முதல் தம் சேகரிப்பை மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்த நிலையிலும் அங்கேயே உட்கார்ந்து அட்டைகளை ஏடுகளில் ஒட்டி முடித்து, 1963இல் மறைந்தார். 30,000க்கு மேற்பட்ட பேஸ்போல் அட்டைகள் அங்கே இருக்கின்றன. அந்த மனிதருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள். எங்கள் பெரியவருக்கு நீங்கள் ஒரு நாற்காலியாவது கொடுத்திருக்கலாம்.

விரிவாகச் சொல்வதானால் இந்தக் குறை அட்டைகளோடு நிற்பதில்லை. இந்த மாகாணத்தின் அருங்காட்சியகங்களில் குடிவந்தவர்கள் என்றால் பெட்டி, கடவுச்சீட்டு, சமையல் பாத்திரம் என்று ஒரு மூலை ஒதுக்கப்படுகிறது. விளையாட்டு, கடைத்தெரு, பள்ளி முற்றம் என்பவை வேறு யாருடைய வரலாறோ போல வேறு கூடத்தில் வைக்கப்படுகின்றன. அந்த அட்டைகளை விற்றவர் கொரியர், வாங்கியவர்களில் தமிழரும் கரிபியரும் போர்த்துக்கேயரும் இருந்தார்கள், படத்தில் இருந்தவர்களில் பலர் டொமினிக்கர்கள். எங்கள் பிள்ளைகளை வரவேற்கத் திட்டங்கள் வகுப்பதாக உங்கள் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. நாங்கள் ஏற்கெனவே அந்தப் பேழைக்குள் இருக்கிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

ஆகவே மரியாதையோடு வேண்டுகிறேன். தீயணைப்பு நிலைய அட்டைகளின் பலகையைத் திருத்தி, அவை எங்கே எப்படிக் கிடைத்தன என்பதைச் சேருங்கள். கனடியப் பதிப்புகளைத் தனியே காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியவர்களிடமும் விற்றவர்களிடமும், வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர்களிடமும், ஓ-பீ-சீயின் லண்டன் ஆலையில் வேலை செய்தவர்களிடமும் போய்க் கேட்டுப் பதிவு செய்யுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்களிடமும், ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்களிடமும் அவரவர் மொழியிலேயே கேளுங்கள். தமிழ்க் குடும்பங்களிடம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அந்தப் பணியை ஊதியமின்றிச் செய்ய நானும் என் நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். இன்னும் இரண்டு பழைய கடைக்காரர்கள் பேச விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். இருவருமே எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய விவரங்களை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். இந்தக் கோடை முடிவதற்குள் யாரையாவது அவர்களிடம் அனுப்புங்கள்.

பணிவுடன்,
உங்கள் அருங்காட்சியகத்தின் நீண்டகால உறுப்பினர் ஒருவர்
ரொறன்ரோ